பிள்ளைக்கு முதுகு வலியா? எங்கே என்று கேட்பதைவிட எப்போது என்று கேளுங்கள்

பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை முதுகு வலிக்கிறது என்று சொன்னால் வீட்டில் பதில் தயாராக இருக்கும். புத்தக மூட்டை, செல்போன், உடம்புச் சூடு, வாயு. நம் சேலத்தில் கூடவே "சுளுக்கு வழிச்சா சரியாப் போயிடும்" என்பதும் சேரும். ஓரிரு மாதம் ஓடிய பிறகும் வலி நின்றபாடில்லை என்றால் நேரே ஸ்கேன் சென்டர். ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தால் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறான் என்று முடிவு கட்டுகிறார்கள். 'டிஸ்க் பல்ஜ்', அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தால் ஆயுசுக்கும் நோயாளி ஆக்கிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. வலியே இல்லாத பிள்ளைகளை ஸ்கேன் எடுத்தாலும் சிலருக்கு லேசான பல்ஜ் தெரியத்தான் செய்யும். அதேபோல, சில எலும்பு விரிசல்கள் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது.

காரணம் பிடிபடாத வலிக்கு முதல் துப்பு, அது வரும் நேரம். ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், எது செய்தால் குறைந்தது, மாத்திரை கொடுத்தீர்களா, என்ன மாத்திரை. கீழே சொல்லப்போகும் ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாதவரைதான் இந்த இரண்டு வாரக் கணக்கு. வெளிநோயாளிப் பிரிவில் டாக்டரிடம் கிடைக்கிற சில நிமிடத்துக்கு இதைவிட உபயோகமான காகிதம் வேறில்லை.

காலையில் எழும்போது முதுகு கட்டை மாதிரி விறைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்து, நடமாட நடமாடக் குறைந்தால் சந்தேகம் மூட்டு அழற்சி மேல் போக வேண்டும். குதிகால் வலி, கண் அடிக்கடி சிவந்து கூசுவது, வீட்டில் யாருக்காவது இதே தொந்தரவு என்பவை சேர்ந்தால் இன்னும் உறுதியாக. தையல்காரர் டேப் இருந்தால் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பிள்ளை நிமிர்ந்து நிற்கும்போது இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னக் குழி தெரியும். இரண்டையும் சேர்க்கும் கோட்டின் நடுவே பேனாவால் ஒரு புள்ளி. அதற்கு 10 செ.மீ. மேலே ஒன்று, 5 செ.மீ. கீழே ஒன்று. ஆக மேல் புள்ளிக்கும் கீழ்ப் புள்ளிக்கும் 15 செ.மீ. முழங்கால் மடக்காமல் முடிந்த மட்டும் குனியச் சொல்லி மறுபடி அளந்தால் 20 செ.மீ. ஆவது வர வேண்டும். 17, 18-லேயே நின்றால் கீழ்முதுகு மடங்கவில்லை என்று பொருள். அதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம், அவ்வளவுதான். இங்கே வழக்கமாக நடக்கிற கோளாறு, கீழ்முதுகை மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்புவது. இந்த மூட்டு அழற்சி முதலில் தெரிவது முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோ இலியாக் மூட்டில். அந்த மூட்டைப் படம் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைப் பார்க்கும் எச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்றாகாது, பாசிட்டிவ் என்பதாலேயே நோய் என்றும் ஆகாது.

விளையாடும்போதும், பின்பக்கம் வளையும்போதும் வலித்தால் கதை வேறு. சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் இந்திய கிரிக்கெட் அணிக்கு ஆடிய பிறகு இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு யார்க்கர் மேல் ஆசை வராமல் இருக்குமா? ஆசையில் தப்பில்லை. ஆனால் வளரும் வயதில் வேகப்பந்து போடுவோருக்குக் கீழ்முதுகின் ஐந்தாவது முள்ளெலும்பில், பின்பக்க வளையத்தில், மயிரிழை விரிசல் விழுவது தெரிந்த சங்கதி. வலதுகைப் பந்துவீச்சாளருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் வலிக்கும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயச் சொன்னால் அந்தப் பக்கம் சுருக்கென்று பிடிக்கும். வாலிபால், ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பை மறைத்து எலும்பின் நீர்க்கோர்ப்பைக் காட்டும் 'ஸ்டிர்' வரிசை இருந்தால்தான் ஆரம்பத்திலேயே பிடிபடும்.

ஆரம்பத்தில் பிடித்தால் ஆபரேஷன் இல்லாமலே பெரும்பாலும் சரியாகும். சுமார் மூன்று மாதம் பந்துவீச்சு, குதித்தல், பின்வளைவு எல்லாம் நிறுத்தம். பிறகு வயிறு, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தி, படிப்படியாக ஆட்டத்துக்குத் திரும்புவது. சொதப்புவது எங்கே என்றால், மூன்று நான்கு வாரத்தில் வலி போய்விடும். உடனே டோர்னமென்ட், கோச் போன் போடுவார், பையனும் போவான். வலி போனது, எலும்பு இன்னும் சேரவில்லை. மறுபக்கமும் விரிந்தால் முள்ளெலும்பு முன்னால் நழுவக்கூடும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 14, 15 வயதுக்குட்பட்டோர் பிரிவு வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரே மூச்சில் 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் மைதானங்களில் நன்றாகப் போடுகிற பையன் கையிலேயே பந்து இருக்கும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மேட்ச். அப்பாக்கள் ஓவரை எண்ணினால் போதும், பாதிப் பிரச்சினை வராது.

நள்ளிரவில் எழுப்புகிற வலியை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு ஐபுபுரூஃபன் வலி மாத்திரை போட்டதும் மாயமாக மறைந்து மறுநாள் இரவு அதே நேரத்துக்கு வந்தால் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்னக் கட்டியாக இருக்கலாம். புற்றுநோய் அல்ல, சி.டி. ஸ்கேனில் பொட்டு மாதிரி தெரியும், ஊசி வழியே சுட்டு எடுத்துவிடலாம். ஆனால் முகம் வெளுத்து, தோலில் காரணமில்லாமல் கன்றிப்போய், ஈறில் ரத்தம் கசிந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ரத்தப் புற்றுநோய் சில பிள்ளைகளிடம் முதலில் எலும்பு வலியாகத்தான் தலைகாட்டும்.

சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, முதுகில் ஓரிடத்தைத் தட்டினால் வலி என்றால் முதுகெலும்பு டி.பி.யை நினைக்காமல் இருக்கக் கூடாது. இருமலே இருக்க வேண்டியதில்லை. ஒரு காசைக் கீழே போட்டு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். குனியாமல், முதுகை நேராக வைத்தபடியே குத்துக்காலிட்டு எடுத்தால் முதுகு எதையோ காப்பாற்றுகிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், ஆனால் ஒரு வருடம் அல்லது அதற்கு மேலும் விடாமல் சாப்பிட வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை பெரிய கெடுதல். செட் மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் டி.பி.யும் மறையும், ரத்தப் புற்றுநோயும் மறையும், நோட்டில் எழுதுவதற்கும் ஒன்றும் இருக்காது. முதுகில் ஏறி மிதிப்பது, சொடக்கு எடுப்பது எல்லாம் காரணம் தெரியும்வரை வேண்டவே வேண்டாம். வைட்டமின் டி ஊசி விஷயம் கொஞ்சம் வேறு. குறைவு இருந்தால் போடட்டும், அதோடு தேடலை நிறுத்தாதீர்கள்.

கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது: இதில் எது வந்தாலும் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. ஏற்காட்டில் இருந்தாலும் இரவோடு இரவாக 108-ஐக் கூப்பிட்டு மலை இறங்குங்கள்.

இத்தனையும் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதில் எதுவும் இருக்காது. உயரம் திடுதிப்பென்று கூடும் வயதில் எலும்பு முந்திக்கொள்ளும், தொடையின் பின்தசை பிந்தும். அதோடு அதிகாலை ஸ்டடியில் தொடங்கி ராத்திரி ஸ்டடி வரை பெஞ்சில் உட்காரவைக்கும் பள்ளிக்கூடங்கள் நம் பக்கம் எத்தனை! செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலைக்கு ஒத்தாசையாகத் தரையில் குனிந்தே இருக்கும் பிள்ளைகள், மலையில் காப்பி சீசனில் மூட்டை தூக்கிக் கொடுக்கும் பிள்ளைகள் என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு காரணம். புத்தகப் பையை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பை கொள்கை உடல் எடையில் 10 சதவீதம் என்கிறது, 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ. அதைக் கடைப்பிடியுங்கள், ஆனால் பையைக் குறைத்ததாலேயே வலி போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இந்த வகை வலிக்குப் படுக்கையும் பெல்ட்டும் மருந்தல்ல. நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கட்டும். மல்லாந்து படுத்து, ஒரு காலில் துண்டைக் கோர்த்து முழங்கால் மடங்காமல் மேலே இழுத்து 30 விநாடி, காலுக்கு மூன்று முறை. கை கால் ஊன்றி மண்டியிட்டு எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி 10 விநாடி, பக்கத்துக்குப் பத்து. மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்குவது பத்து. தினமும் பதினைந்து நிமிடம், ஆறு முதல் எட்டு வாரம். முதல் வாரத்தில் தசை லேசாக வலிக்கும், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி அசையவில்லை என்றால் அந்த நோட்டையும், எடுத்த படங்கள் பதிந்த குறுந்தகட்டையும், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, எடுத்துக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் இதுவரை பார்க்கவில்லை என்றால் ஸ்கேனுக்கு முன்னால் அதைக் கேளுங்கள்.