ரிப்பிள்ஹெட் பாலத்தில் செங்கல்லும் இருக்கிறது

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ரிப்பிள்ஹெட் ரயில் பாலம், ஒரு செங்கல் கூட இல்லாமல் முழுக்கக் கல்லாலேயே கட்டப்பட்டது என்று மேலே ஒரு பதிவு வந்திருக்கிறது. பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் ஒரு சின்னத் திருத்தம்.

தூண்களுக்கும் பக்கச் சுவர்களுக்கும் வெளியே தெரிவது சுண்ணாம்புக்கல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே ரயிலைத் தாங்கும் 24 வளைவுகளின் உள்சுற்று செங்கல். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 1870களின் தொடக்கத்தில் மிட்லண்ட் ரயில்வே இதைக் கட்டியபோது, பக்கத்திலேயே சூளை போட்டுச் சுட்டார்கள். சுமார் 15 லட்சம் செங்கல் இதில் போயிருக்கிறது. அந்தக் குளிரிலும் சேற்றிலும் அத்தனையையும் சுட்டு, சுமந்து, மேலே ஏற்றிய தொழிலாளர்களின் உழைப்பு 'ஒரு செங்கல் கூட இல்லை' என்ற வரியில் காணாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

பதிவில் இருக்கும் படம் பக்கவாட்டில் எடுத்தது. வளைவின் விளிம்பில் கல் பதித்திருப்பதால் அப்படிப் பார்த்தால் எல்லாமே கல்லாகத்தான் தெரியும். சரி, எப்படிச் சரிபார்ப்பது? வளைவுக்கு அடியில் நின்று அண்ணாந்து எடுத்த படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். செங்கல் வரிசை தெளிவாகத் தெரியும். நேரில் போகிறவர்களுக்கு இன்னும் எளிது, பாலத்துக்கு அடியிலேயே நடைபாதை இருக்கிறது. முடிந்தால் பதிவிட்டவர் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடலாம்.