ப்ரொபேஷனில் இருந்தாலும் பேறுகால விடுப்பு உண்டு

கடலூரிலிருந்து தினமும் பாண்டிக்கு பஸ் ஏறி வேலைக்குப் போகும் தங்கை ஒருத்தி, தன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எனக்கு அனுப்பியிருந்தாள். "தகுதிகாண் காலமான ஆறு மாதத்தில் பேறுகால விடுப்பு பொருந்தாது" என்று அதில் ஒரு வரி. அந்த வரியைக் காட்டித்தான் ஆபீசில், "ரிசைன் பண்ணிட்டுப் போம்மா, குழந்தை பிறந்ததும் கூப்பிட்டுக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வரி செல்லாது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் "கன்ஃபார்ம் ஆகியிருக்க வேண்டும்" என்ற நிபந்தனையே இருந்ததில்லை. டாக்டர் குறித்துக் கொடுக்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 80 நாள்தான். ஜூன் தொடக்கத்தில் சேர்ந்த பெண் லீவு போடாமல் வந்தாலே, ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தாலும் செப்டம்பர் முடிவதற்குள் 80 நாள் தாண்டிவிடும். அப்போதும் அவள் ப்ரொபேஷனில்தான் இருப்பாள். அப்புறம், சட்டத்துக்கு எதிராக எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் சட்டம் சொல்வதுதான் நிற்கும். டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் தினக்கூலிக்கு வேலை பார்த்த பெண்களுக்கே பேறுகாலச் சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தவளுக்கு இல்லை என்றால் எப்படி?

ரிசைன் பண்ணச் சொல்வது ஏன் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பதற்காக நிறுவனமே நீக்கினாலும், அவளுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அவளாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அதனால் யார் சொன்னாலும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விடுப்பு வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் கையில் இருக்கட்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன்னால் 8 வாரம் வரை எடுக்கலாம். வேலையில் சேரும்போதே இந்தச் சலுகைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017 திருத்தமே சொன்னது. எத்தனை இடத்தில் கொடுக்கிறார்கள்?

எனக்கு இதைவிட ஆற்றாமை ஒன்று உண்டு. சேதராப்பட்டிலும் கடலூர் சிப்காட்டிலும் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெண்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டில் வருவார்கள். அங்கே பணம் கொடுப்பது இ.எஸ்.ஐ., முதலாளி இல்லை. ஆனால் முதன்முறையாக இ.எஸ்.ஐ.யில் சேர்பவருக்குப் பயன்காலம், அதாவது பணம் பெறத் தகுதியுள்ள காலம், தொடங்குவதே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம் கழித்துத்தான். கூடச் சம்பளம் வாங்குபவளுக்கு 80 நாள், குறைந்த சம்பளக்காரிக்கு இ.எஸ்.ஐ. பணம் கிடைக்க ஒன்பது மாதம். இது அநியாயம். ரெண்டு பேருக்கும் 80 நாள் என்று விதியை மாற்ற வேண்டும். தொழிற்சங்கங்களும் நம் எம்.பி.க்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும்.