கத்திரி முடிஞ்சாலும் நம்ம வெயில் முடியாது: நெல்லைச் சீமையின் கோடைக் கணிப்பை எப்படிப் பார்க்கணும்

"திருநெல்வேலி 39 டிகிரி" என்று டிவியில் ஓடுகிறதே, அந்த ஒரு எண் நெல்லைச் சீமைக்குப் பத்தாது. பாளையங்கோட்டையில் காற்றோட்டமான மரப்பெட்டிக்குள், நாலடி உயரத்தில், நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் அளவு அது. அதே மத்தியானம் மலைமேல் மாஞ்சோலையில் எட்டு, பத்து டிகிரி குறைவாக இருக்கும். திருச்செந்தூரில் கடல்காத்து ஏறியிருந்தால் எண் குறையும், ஆனால் புழுக்கத்தில் உடம்பு அவியும். தார் ரோட்டிலும் தகரக் கொட்டகையிலும் வேலை பார்ப்பவருக்கு இந்த 39 பொருந்தவே பொருந்தாது. கடலோரம், நடுச்சமவெளி, மலையடிவாரம் என்று பிரித்துச் சொல்லுங்கள் என்று வானிலை மையத்தை நாம் கேட்டே ஆகணும். சொல்லும்வரை நாமே பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் கத்திரிக் கணக்கு. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் என்பது பஞ்சாங்கம். நம் அட்சரேகைக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வருவது சித்திரை பிறப்பை ஒட்டி ஏப்ரல் 12, 13 வாக்கிலேயே. மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும் வரும். ஆகவே கத்திரி கழிந்ததும் குளிர்ந்துவிடும் என்று நம்பக்கூடாது. நமக்கு ஆறுதல் தருவது மேற்கிலிருந்து வீசும் மேலக்காத்துதான், அதுவும் எல்லாருக்கும் இல்லை. கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. அதன்பின் ஆரியங்காவு கணவாய் வழியே செங்கோட்டை, தென்காசி, குற்றாலத்துக்குச் சாரல் வரும். அதே காத்து மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது ஈரம் போய்ச் சூடேறுகிறது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே அது வெறும் அனல்காத்து. ஆனி, ஆடியிலும் அங்கே 36, 37 டிகிரி வரும். மாநிலம் முழுக்கவே வெயில் நீண்டதால் பள்ளித் திறப்பு 2023இல் ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12க்கும், 2024இல் ஜூன் 10க்கும் தள்ளிப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

வரும் நாட்களில் இடிமழை வருமா என்பதற்கு விடை காத்தில் இருக்கிறது. மேலக்காத்து பலமாக இருக்கும் நாளில் கடல்காத்தை உள்ளே விடாது; கரையோரத்திலேயே தடுத்து நிறுத்திவிடும். அன்றைக்குப் பாளையங்கோட்டை 40ஐத் தொடும், மழை இருக்காது. மேலக்காத்து ஓய்ந்திருக்கும் நாளில் கடல்காத்து மத்தியானத்துக்குப் பிறகு உள்நாடு வரை ஏறி, மலையடிவாரத்தில் முட்டி மேலே கிளம்பும். பாபநாசம், அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் மூன்று மணிக்கு மேல் இடிப்பது இப்படித்தான். மழை எங்கே பெய்யும் என்பதை மேலடுக்குக் காத்து தீர்மானிக்கும். அது கிழக்கிலிருந்து வீசினால் மேகம் மலையிலேயே கொட்டிவிட்டுக் கேரளப் பக்கம் போய்விடும். மேற்கிலிருந்து வீசினால் சேரன்மகாதேவி, டவுன், பாளை வரை நகர்ந்து வரும். பத்து, பதினொரு மணிக்குப் பொதிகை மலைப் பக்கம் பாருங்கள். மேகம் தட்டையாகப் பரந்து கிடந்தால் அன்றைக்கு நம்பிக்கை இல்லை. காத்தே இல்லாத புழுக்கத்தில் கோபுரமாக உயர்ந்துகொண்டே போனால் சாயங்காலம் எதிர்பார்க்கலாம்.

வானிலை மையத்தின் வார்த்தைகளையும் கவனித்துப் படியுங்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால்பங்குக்குள். "ஒருசில இடங்களில்" என்றால் கால் முதல் பாதி வரை. "ஓரிரு இடங்களில் கனமழை" என்பது எங்கோ ஓர் ஊரில் 64.5 மி.மீ.க்கு மேல் என்று அர்த்தம், உங்கள் ஊரில் என்று அர்த்தமில்லை. நம் வீட்டில் தூறவில்லை என்பதற்காகக் கணிப்பே பொய் என்று எழுதுவது நியாயம் இல்லை.

இதைவிட முக்கியமானது "வெப்ப அலை" எச்சரிக்கை. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க 40 டிகிரியையாவது எட்டணும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடவும் இருக்கணும். நமக்கு மே மாத இயல்பு 37 என்று வைத்தாலே 41.5 வேண்டும். அதனால் எச்சரிக்கை வரவில்லை என்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 38 டிகிரியும் கடலோர ஈரப்பதமும் சேர்ந்தால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ராத்திரி 28க்குக் கீழே இறங்காத நாட்கள் மூன்று, நான்கு தொடர்ந்தால் வயசாளிகளுக்கும் மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறையில் படுப்பவர்களுக்கும் ஆபத்து கூடும். கட்டட வேலை, நூறுநாள் வேலை எல்லாவற்றையும் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிக்க விடணும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலைதட்டி அளந்தது. உப்பு கூடினால் கெடுதல். நீராகாரம், மோர் எல்லாமே நல்லதுதான். ஆள் உளற ஆரம்பித்தாலோ, தள்ளாடினாலோ வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வாழைக்காரர்களுக்கு மழையைவிட அதற்கு முன்னால் வரும் காத்துதான் எமன். மேகத்திலிருந்து விழும் மழை கீழே உள்ள வறண்ட காத்தில் பாதி ஆவியாகி, அந்தக் காத்தைக் குளிரவைத்துக் கனமாக்குகிறது. அது பொத்தென்று இறங்கித் தரையில் நாலாபக்கமும் சிதறி அடிக்கும். களக்காடு, ஏர்வாடி பக்கம் குலை தள்ளிய வாழை சாய்வது இந்தச் சூறையில்தான். இரண்டு சவுக்குக் கம்புகளை உச்சிக்குக் கீழே பெருக்கல் குறியாகக் கட்டி, மரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமிருந்து முட்டுக் கொடுங்கள். கம்பின் அடி ஒரு அடி ஆழமாவது மண்ணில் இறங்கியிருக்கணும். கயிறு தண்டை அறுக்காமல் இருக்க இடையில் வாழைச்சருகு வையுங்கள். இடிமழை எதிர்பார்க்கும் நாளில் தோட்டத்துக்கு நிறையத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள், ஊறிய மண்ணில் வேருக்குப் பிடிமானம் இருக்காது. சாய்ந்துவிட்டால் வெட்டி அப்புறப்படுத்தும் முன் போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.விடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள்.

பனையேறும் அண்ணாச்சிகளுக்கு: இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டால் சாயங்காலப் பனை ஏறவே வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் பொறுங்கள். வெட்டவெளியில் உயர்ந்து நிற்பது பனை. மின்னல் முதலில் தேடுவதும் அதைத்தான். தாமினி செயலி பக்கத்து மின்னலை முன்கூட்டிக் காட்டும்.

அருவிக்குப் போகிறவர்களுக்கு: கீழே வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் கொட்டலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். தண்ணீர் நிறம் கலங்கினாலோ, இலைதழை, சுள்ளி அடித்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ துணிமணியைக்கூட எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள்.

மானூர், சங்கரன்கோவில் மானாவாரிக்கு ஓர் உழவு மழை, அதாவது 20, 25 மி.மீ. கிடைத்ததும் சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு போட்டுவிடலாம். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்" என்றது சும்மா இல்லை. ஆனால் அதை நம்பி விதைக்காதீர்கள்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவ நெல் நடவும் அப்படித்தான். கோடை மழையில் பாபநாசம் அணை சில அடி ஏறியதும் நாற்றங்கால் போட்டுவிடுகிறோம். 143 அடி அணைக்கு அந்த ஏற்றம் பருவம் முழுக்கப் பத்தாது. 118 அடி மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில் நிரம்புவது. ஜூன் முதல் வாரத்தில் மலையில் மழை நிலைத்து, தண்ணீர் திறப்பு உறுதியானபின் விதையுங்கள். அம்பை 16 நெல் ரகம் எடுக்கும் 110, 115 நாள் கணக்கில் செப்டம்பர் கடைசியில் அறுத்துவிடலாம். திறப்பு ஜூலைக் கடைசிவரை தள்ளிப்போனால் அறுவடை நவம்பர் மழையில் மாட்டும். அந்த வருஷம் கார் நடவை விட்டுவிட்டு, அடுத்து வரும் பிசானப் பருவ நெல்லுக்கு நிலத்தைத் தயார் பண்ணுவதே நல்லது.