நஞ்சன்கூடு வாழைப்பழமாம்!

எனக்கு பியர் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு எரிச்சல். பிடிக்காதவனாக இருந்திருந்தால் ஒரு லெமன் சோடாவைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இப்படி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து புலம்ப வேண்டியிருக்காது.

போன சனிக்கிழமை நாலு பேர் சென்னையிலிருந்து காரில் பெங்களூர் போனோம். கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். ஆம்பூரில் பிரியாணி, கிருஷ்ணகிரியில் டீ. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னால் நின்ற லாரியின் முதுகில் எழுதியிருந்ததை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். லாட்ஜில் காரைப் போட்டு, சாவியை அறையிலேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தோம். எல்லாம் எதற்கு? கடையிலேயே காய்ச்சி ஊற்றுகிற ஒரு பாரில் அந்த ஊர் பியரைக் குடித்துப் பார்க்க. ஒரு மாதமாக நண்பன் ஒருவன் வாட்ஸாப்பில் ஒரே மெனு கார்டை அனுப்பி அனுப்பி உசுப்பேற்றிக்கொண்டிருந்தான். ராகி ஏல், கூர்க் காபி ஸ்டவுட், மாம்பழ பியர், கோதுமை பியர். மேலே கொட்டை எழுத்தில் 'எங்கள் மண்ணின் சுவை'.

வாசலிலேயே முதல் அடி. "ஸ்டாக் என்ட்ரி இல்ல சார்." அதாவது, பெண் துணை இல்லாமல் வரும் ஆண்களுக்கு அனுமதி இல்லை. நாற்பதைத் தாண்டிய நாலு ஆண்கள். ஒருவனுக்கு முட்டிவலி, ஒருவனுக்கு ஒன்பதரைக்கே கொட்டாவி வரும். நாங்கள் உள்ளே போய் யாரிடம் என்ன வம்பு செய்துவிடப் போகிறோம்? கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் தெரிந்தது, தலைக்கு 1000 ரூபாய் கவர் சார்ஜ் கட்டினால் நாங்களும் கண்ணியமானவர்கள்தானாம். கட்டினோம். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே!

உட்கார்ந்ததும் ராகி ஏல் கேட்டோம். முடிந்துவிட்டது என்றார் சர்வர். எப்போது வரும்? அடுத்த வாரம். வாசலில் ராகிக் கதிர் படம் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறதே, அது மட்டும் முடியாதா? சரி, இருப்பதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுங்கள் என்றோம். ஆறு குழி போட்ட ஒரு மரப்பலகையில் ஆறு குட்டி கிளாஸ் வந்தது. வைத்துவிட்டு அவர் போய்விட்டார். எது என்ன என்று ஒரு சீட்டுகூட இல்லை. கேட்கலாம் என்றால் தலைக்கு மேலே ஸ்பீக்கர் நெஞ்சுக்கூட்டை இடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவனிடம் உப்பு கேட்பதற்கே சைகை மொழி.

அப்புறம் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது.

ஒரு கிளாஸ் கலங்கலாக, வெளிர்மஞ்சளாக இருந்தது. மோந்து பார்த்த நண்பன், "டேய், வாழைப்பழ வாசனைடா!" என்றான். உண்மைதான். கும்மென்று இருந்தது. சர்வரைக் கூப்பிட்டு, இதில் வாழைப்பழம் போடுகிறீர்களா என்று காதருகே கத்திக் கேட்டான். அவர் கண் இமைக்காமல் சொன்னார்: "ஆமா சார், நஞ்சன்கூடு ரசபாளே. லோக்கல் சார்."

அட படுபாவி! அது கோதுமை பியர். ஜெர்மனியின் பவேரியா பக்கம் காய்ச்சுகிற வகை. அதற்கென்றே ஒரு ஈஸ்ட் உண்டு. புளிக்கும்போது அந்த ஈஸ்டே ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரை, அதாவது ஒரு வாசனைச் சேர்மத்தை, உண்டாக்கும். பழுத்த வாழைப்பழத்தின் வாசனையிலும் அதே எஸ்டர்தான் இருக்கிறது. கொஞ்சம் கூர்ந்து மோந்தால் பின்னாலேயே கிராம்பு வாசமும் வரும், அதுவும் ஈஸ்டின் வேலைதான். ஒரு பழம்கூட தொட்டிக்குள் போக வேண்டாம். நஞ்சன்கூடு ரசபாளேயோ, மைசூர் பக்கத்து வாழை, புவிசார் குறியீடு வாங்கிய பழம். வாடல் நோயால் சாகுபடி சுருங்கி, சந்தையில் நல்ல சீப்பு ஒன்று கிடைப்பதே கஷ்டம். அதைப் பிசைந்து பீப்பாய் பீப்பாயாகக் கரைத்து எனக்கு ஊற்றிக் கொடுக்கிறார்களாம்!

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரோ அவரிடம் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். 'ஜெர்மன் ஈஸ்ட் சார்' என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன், ஏனென்றால் அந்த பியர் நன்றாகத்தான் இருந்தது. நல்ல பொருளை வைத்துக்கொண்டு எதற்குப் பொய் ஊர் சொல்ல வேண்டும்?

காபி ஸ்டவுட்டைப் பனிக்கட்டியாக்கிக் கொண்டுவந்தார்கள். கிளாஸையே ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள், விளிம்பில் உதடு ஒட்டுகிறது. ஸ்டவுட் கறுப்பு பியர், கொஞ்சம் குளிர் விட்டால்தான் வறுத்த பார்லியின் கசப்பும் வாசமும் மேலே வரும். அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போய், கூர்க் காபியா குட்டிச்சுவர் காபியா என்று எவனுக்குத் தெரியும்? மாம்பழ பியரைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. பெட்டிக்கடையில் பத்து ரூபாய் பாக்கெட்டில் ஸ்ட்ரா குத்திக் குடித்த ஞாபகம் வந்தது.

கழிவறைக்குப் போகிற வழியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளவென்று தொட்டிகள். அதன் காலடியில் அடுக்கியிருந்த மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானிய மூட்டைகளில் ஜெர்மன் எழுத்து. அதில் தப்பே இல்லை. பியருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஹாப்ஸ் பூவும் நம் வெயிலுக்குச் சுலபத்தில் வளராது. இந்தியாவில் ஹிமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிடுகிறார்கள், மற்றபடி பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. ஆக மால்ட் வெளிநாடு, ஈஸ்ட் வெளிநாடு, ஹாப்ஸ் வெளிநாடு. அந்த கிளாஸில் சத்தியமாக உள்ளூர் என்று சொல்லத்தக்கது தண்ணீர் ஒன்றுதான். அது காவிரியாக இருந்தால் அதிலும் நமக்குப் பங்கு இருக்கிறது, கவர் சார்ஜில் கழித்திருக்கலாம்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்து பியரை கோல்ஷ் என்பார்கள். அந்த நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் காய்ச்சினால்தான் அந்தப் பெயரைப் போடலாம், 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குச் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. இங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கத் தெரிந்த நமக்கு, ஊர்ப் பெயர் என்றால் என்ன என்று தெரியாதா?

பில் வந்தது. அதில் பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ் தானாக ஏறி உட்கார்ந்திருந்தது. அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. அதைச் சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்தார்கள். அதற்கு இருபது நிமிடம்.

அறைக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அந்த ராகிதான் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பாட்டி கேழ்வரகை ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, வறுத்து அரைப்பாள். பேரப் பிள்ளைகளுக்கு ராகி மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் உண்டாகிற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. பார்லியை மால்ட் ஆக்குவதும் இதே வேலைதான். சிக்கிமில் கேழ்வரகைப் புளிக்கவைத்து, மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றி, குழல் போட்டு உறிஞ்சுகிறார்கள், தோங்பா என்று பெயர். கர்நாடகத்தில் ராகிக்கா பஞ்சம்? எங்கள் மேசையில் மட்டும் அடுத்த வாரம்தான் வருமாம்!

ஞாயிறு மதியம் திரும்பினோம். வாலாஜாபேட்டை தாண்டி, காஞ்சிபுரம் பிரிவு வருவதற்கு முன்னால், காரில் இதையே மறுபடி ஆரம்பித்தேன். நாம் இப்போது போகிற இந்தக் காஞ்சிப் பக்கத்து வலைஞர் குடியில் அரிசிக் களியை ஆறவைத்து, முளைநெல் மாவைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டுப் பிழிந்ததைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாகச் சொல்கிறது. அது பியர் இல்லாமல் வேறு என்னடா? அதைத் தாண்டிப்போய் ஜெர்மன் மூட்டைக்கு ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு வந்திருக்கிறோம்! இன்றைக்குக் கேட்டால் 1987-லிருந்து இங்கே கள்ளுக்கே தடை. இப்படி நான் கத்த, பின்சீட்டில் இருவர் தூங்கிவிட்டார்கள். ஓட்டிக்கொண்டிருந்தவன் மட்டும், "டேய், தொண்டை காயுது, நிறுத்திக்கலாமா?" என்றான்.

ரோட்டோரம் புளியமரத்தடியில் ஒரு கூழ் வண்டி. மண்பானையில் கேழ்வரகுக் கூழ், முதல் நாள் கரைத்துப் புளித்தது. மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் போட்டு, பக்கத்தில் மோர்மிளகாய். ஒரு சொம்பு 20 ரூபாய். கேழ்வரகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "அதோ" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார் அந்த அம்மா.

தூக்கத்திலிருந்து எழுந்து வந்த நண்பன் பழக்கதோஷத்தில் சொம்பை மூக்கருகே கொண்டுபோய், லேசாகச் சுழற்றி, கண்ணை மூடி இழுத்தான்.

"இன்னா தம்பி, குடிக்கப் போறியா, மோந்து பாத்துக்கினே நிக்கப் போறியா?"