அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை

“பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பது முக்கியமே இல்லை என்று அமெரிக்க ஆய்வு நிரூபித்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும்” என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிடுவது, சமூகவியலாளர் மெலிசா மில்கியும் உடன் ஆய்வாளர்கள் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளிடம், தாய் செலவிடும் நேரத்தின் அளவுக்கும் அவர்களுடைய நடத்தை, படிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை என்பது உண்மையே.

ஆனால் நண்பர் விட்டுவிட்ட பாதிதான் முக்கியமானது. 12 முதல் 18 வயதினரிடம் தாய் ஈடுபாட்டோடு கழித்த நேரம் கூடக்கூட, தவறான பழக்கங்கள் குறைவாகவே காணப்பட்டன; பெற்றோர் இருவரோடும் சேர்ந்திருந்த நேரத்துக்கும் நல்ல விளைவுகளோடு தொடர்பிருந்தது. மேலும், இது தொடர்பைக் காட்டும் ஆய்வேயன்றி எதையும் ‘நிரூபித்தது’ அன்று. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு அதில் எங்குமே இல்லை.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை முடித்து, சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி இரவு ஒன்பதரைக்கு வீடு சேரும் தந்தைக்கு நேரமில்லை என்பது புரிகிறது (அது அவருடைய குற்றமுமல்ல). ஆயினும் பத்தாம் வகுப்பு மகள், டியூஷனில் நடந்ததை, நாம் ஒதுக்கிவைத்த ஞாயிறு மாலையில் எலியட்ஸ் கடற்கரையில் கேட்டவுடன் சொல்லிவிடமாட்டாள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போடும்போது, யாராவது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தால், தானாகச் சொல்லுவாள்.