பேட்டரில உபயம் எழுத எடமில்லண்ணே

நேத்துலேர்ந்து அந்த ஸ்க்ரீன்ஷாட்ட ஆளாளுக்கு எனக்கே அனுப்பி "பாத்தியா, பாத்தியா"ன்றாங்க. பாத்தேன்பா. "பழைய மெஷினுக்கு பேட்டரி மாத்துறோம்னு சொல்லிக்கினு வடசென்னைல ஒரு கும்பல் வசூல் பண்ணுது, உஷார்"னு, எங்களுக்கு டொனேஷன் தரேன்னு வந்த அண்ணன் போட்டிருக்காரு, கீழ ஹார்ட்டின் குவியுது. அந்தக் கும்பல்ல நானும் ஒருத்தன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ரிப்பேரா கெடக்கிற மெஷினுக்கு பார்ட்டு வாங்கித் தர ஆள் தேடறதுதான் எங்க வேல. காசிமேட்டுல ஐஸ் பேக்டரி கம்ப்ரஸர் பாக்குறவன் நானு, அப்புறம் ஒரு ஆட்டோக்காரரு, பேங்க்ல ரிடையர் ஆன ஒரு அக்கா, நர்ஸிங் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க. பயங்கரமான கும்பல்தான், வீட்ட பூட்டி வச்சுக்கோங்க.

சனிக்கிழம கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு நடந்தது தெரியும், திருப்பி ஃபுல்லா எழுதல. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பார்ட்டு லிஸ்ட்ட படிச்சோம். மருந்து ஏத்துற சிரிஞ்ச் பம்ப்புக்கு பேட்டரி, மானிட்டருக்கு விரல்ல மாட்டுற ப்ரோப், ஆல்ஃபா பெட்டுன்ற காத்து மெத்தைக்கு மோட்டார், ஸ்ட்ரெச்சருக்கு சக்கரம். அண்ணன் மூஞ்சி அப்பவே மாறிடுச்சு. "வெண்டிலேட்டர்னு நெனச்சு வந்தேன், நீங்க இன்னா காயலாங்கடை லிஸ்ட்டு வச்சிருக்கீங்க, இதுல எங்க பேர எங்க போடறது"னு கேட்டாரு. அன்னிக்கு பெரியவருன்னு வாய மூடிக்கினு இருந்தேன். இப்ப சொல்றேன், சக்கரத்துல எழுதிக்கலாம்ணே, சுத்தும்போது எல்லாரும் படிப்பாங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். மெஷின் வாங்கித் தர ஆள் இருக்கு, அத ஓட வைக்கத்தான் ஆள் இல்ல. பெரிய கம்பெனிங்களுக்கு சராசரி லாபத்துல 2 சதவீதம் சி.எஸ்.ஆர்னு, அதாவது ஊருக்கு நல்லது செய்ய ஒதுக்கணும்னு, 2013 கம்பெனி சட்டத்துலயே வந்துடுச்சு, நல்ல விஷயம்தான், ஆனா ரிப்போர்ட்ல போட்டோ அழகா வரணும்ல, அதனால புது மெஷின் வரும், பொன்னாடை வரும், ரிப்பன் வரும், அடுத்த வருஷம் ஒயர் அறுந்தா மட்டும் ஒருத்தனும் வரமாட்டான்.

2021 கொரோனா ரெண்டாவது அலைல எத்தன பேர் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் மெஷின் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? கையெடுத்து கும்பிடணும், அப்ப அது இல்லன்னா இன்னும் எத்தன வீட்டுல எழவு விழுந்திருக்குமோ. ஆனா அதுக்குள்ள ஜியோலைட்னு மணல் மாதிரி ஒண்ணு இருக்கு, அதுதான் காத்துல இருக்கிற நைட்ரஜன புடிச்சு வச்சுக்கினு ஆக்ஸிஜன வெளிய விடும். மெஷின ஓட்டாம மூலைல போட்டுட்டா அது ஈரத்த குடிச்சிடும், மெட்ராஸ்ல ஈரக்காத்துக்கு பஞ்சமா? அப்புறம் சுவிட்ச்ச போட்டா நல்லாத்தான் ஓடும், சத்தமும் ஜோரா வரும், வர்ற காத்துலதான் ஆக்ஸிஜன் போதாது. இதெல்லாம் படிக்காமயே எனக்குப் புரியும். கம்ப்ரஸர வாங்குறவன் மொதலாளி, ஆயில் மாத்துறவன் நானு. ஆயில் மாத்தலன்னா மீன் நாறிடும்.

எங்க அப்பா ஸ்ட்ரோக்ல விழுந்து ஆஸ்பத்திரில கெடந்தாரு. எந்த ஆஸ்பத்திரினு எழுத மாட்டேன், அங்க வேல பாக்குறவங்களுக்கு தலவலி ஆகும். அவருக்கு ஆல்ஃபா பெட்டு போட்டாங்க, மாத்தி மாத்தி காத்து ஏறி எறங்குற மெத்த அது, முதுகுல புண்ணு வராம இருக்கிறதுக்கு. மெத்த இருந்துச்சு. மோட்டார் ஓடல. கட்டில் கால்மாட்டுல அந்த மோட்டார் பொட்டி தொங்கிக்கினு இருக்கும், அதுமேல பளபளன்னு ஸ்டிக்கரு, இன்னாரு குடும்பத்தார் உபயம்னு. (கோயில் டியூப்லைட்டு ஜோக்க யாரும் கமெண்ட்ல போட வேணாம், கேட்டு கேட்டு புளிச்சுப் போச்சு.) சிஸ்டர்கிட்ட கேட்டதுக்கு, "டொனேஷன்ல வந்தது தம்பி, ஏ.எம்.சில சேராது, கம்பெனிக்காரன் வர மாட்டேன்றான்"னாங்க. ஏ.எம்.சின்னா வருஷத்துக்கு இவ்ளோன்னு போடற பராமரிப்பு ஒப்பந்தம். அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, ஒரு வார்டையே ரெண்டு பேரா ஓடி ஓடி பாத்துக்கினு இருந்தாங்க பாவம். ராத்திரில ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி நானும் தங்கச்சியும் அலாரம் வச்சு அவர புரட்டிப் படுக்க வப்போம். அப்படியும் இடுப்புக்கு கீழ தோல் செவந்து, கறுத்து, கடைசில புண்ணாயிடுச்சு. வாய் பேச வராத மனுஷன், வலிச்சா கட்டில் கம்பிய மட்டும் இறுக்கிப் புடிப்பாரு.

ஸ்கேனுக்கு கூட்டிப் போன அன்னிக்கு நடந்ததையும் கேளுங்க. மருந்து ஏத்துற சிரிஞ்ச் பம்ப்ப ஸ்ட்ரெச்சர் மேலயே வச்சு தள்ளிக்கினு போறோம், லிஃப்ட் வரவே இல்ல, அதுக்குள்ள பம்ப் கீ கீனு கத்த ஆரம்பிச்சிடுச்சு. பேட்டரி அவுட்டு. கூட வந்த சிஸ்டர் ஒரு செகண்ட் கூட யோசிக்கல, செவுத்துல இருந்த தண்ணி ஃபில்டர் பிளக்க புடுங்கிட்டு பம்ப் ஒயர சொருகிட்டாங்க. லிஃப்ட் வர்ற வரைக்கும் அங்கயே நின்னோம். அண்ணனோட லிஸ்ட்டுல வெண்டிலேட்டர் இருக்கு, சந்தோஷம், எங்க லிஸ்ட்டுல அந்த பேட்டரி இருக்கு.

இப்ப சில பேரு வருவாங்க, "வரி கட்றோம்ல, கவர்மெண்ட் பாக்கட்டும்"னு. பாக்கணும், நான் மாட்டேன்னா சொன்னேன்? மாநிலத்துக்கு மாநிலம் 13லேர்ந்து 34 சதவீதம் வரைக்கும் மெஷினுங்க ரிப்பேரா கெடக்குதுன்னு தேசிய சுகாதார இயக்கத்து கணக்கே சொல்லுச்சு, அதுக்காகத்தான் 2015ல மெஷின் பராமரிப்புக்குன்னே தனியா ஒரு திட்டம் கொண்டாந்தாங்க. அப்போ கவர்மெண்ட்டுக்கே புரிஞ்ச விஷயம் அண்ணனுக்கு புரியல, அவ்ளோதான். நாங்க மனுவும் குடுத்துக்கினுதான் இருக்கோம், ஆஸ்பத்திரி நிர்வாகத்த பாக்குற டாக்டரு, ஆர்.எம்.ஓ ரூம் வாசல்ல குந்திக்கினுதான் இருக்கோம். வரி பேசுற நீங்க இதுவரைக்கும் ஒரு மனு எழுதியிருக்கீங்களா? மனு நகர்ற வரைக்கும் படுத்திருக்கிறவன் முதுகு காத்துக்கினு இருக்குமா?

அடுத்தது "கணக்கு காட்டு". இதுலதான் எனக்கு மனசு விட்டுப் போச்சு. எங்க கைக்கு காசே வர்றதில்ல. ஆஸ்பத்திரில எழுத்துல சம்மதம் வாங்குறோம், கடைக்காரன் பில் போடறான், குடுக்கிறவங்க நேரா கடைக்கு அனுப்புறாங்க, பார்ட்டு வந்தா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தி கையெழுத்து வாங்கி அந்த பக்கத்த குரூப்ல போடறோம். அக்கா நோட்டு போட்டு பைசா பைசாவா எழுதுறாங்க. எங்களுக்கு டிரஸ்ட் கெடையாது, அதனால வரிச்சலுகைக்கு காட்டுற 80ஜி ரசீதும் கெடையாதுன்னு மொத நாளே சொல்லியாச்சு. அண்ணன்தான் "கேஷா தரேன், எங்கயாவது டிரஸ்ட்டுல ரசீது மட்டும் ஏற்பாடு பண்ணுங்க"ன்னாரு. 2,000 ரூபாக்கு மேல கேஷா குடுத்தா 80ஜி செல்லாதுங்கனு அக்கா தன்மையாத்தான் சொன்னாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது இந்த உஷாரெல்லாம். வடசென்னைன்னு டைப் அடிச்சாலே அடுத்த வார்த்த கும்பல்னு போன் தானா காட்டும்போல.

"பேர் போட்டா தப்பா, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் ஆஸ்பத்திரியே ராஜா சர் ராமசாமி முதலியார் பேர்லதான இருக்கு"னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல மடக்குறாரு. நல்ல கேள்வி. நானே அங்க பொறந்தவன்தான். அந்த மாதிரி குடுத்துட்டு பேர் போட்டுக்கோங்க, மாலை போட நானே வர்றேன். ஒரு மோட்டார் பொட்டிய குடுத்துட்டு வார்டு செவுரு பூரா பேர் கேட்டா எப்படி?

எங்க பாட்டி கடைசி வரைக்கும் ஸ்டான்லிய கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லும். 1782ல பஞ்சம் வந்தப்போ கஞ்சி ஊத்துன மணியக்காரர் சத்திரத்துலேர்ந்து வளந்த எடம் அது. கஞ்சின்றது ஒரு நாள் ரிப்பன் வெட்டிட்டு போற வேலையா சொல்லுங்க? நாளைக்கும் அரிசி வேணும், வெறகு வேணும், அண்டாவ தேச்சு வைக்க ஆள் வேணும். அத எவனோ தெனம் பாத்திருக்கான். எங்க ஊரு தர்மம் அங்கேர்ந்துதான் வருது, எங்களுக்கு வந்து கிளாஸ் எடுக்காதீங்க.

யார் மனசாவது புண்பட்டிருந்தா படட்டும், எங்க அப்பா முதுகு அளவுக்கு படாது.

அண்ணன் ஆதரவாளருங்க கமெண்ட்ல வெண்டிலேட்டர்னு ஆரம்பிச்சா ப்ளாக்தான். மத்தவங்க ஒரு ஹெல்ப் பண்ணுங்க. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ப்ரோப்புக்கும் ஆள் கெடச்சாச்சு. ஸ்ட்ரெச்சர் சக்கரம்தான் பாக்கி. ரப்பர் சக்கரம், பிரேக் வச்சதா இருக்கணும், பிளாஸ்டிக் வேணாம், மொசைக் தரைல கடகடன்னு ஆட்டி பேஷண்ட்ட கொன்னுடும். லிங்கிச் செட்டி தெருல கேட்டா மொத்தமா எடுத்தாதான் கொறப்பேன்றான். பாரிமுனைல வேற கடை யாருக்காவது பழக்கம் இருந்தா கீழ போடுங்க, பில் போட்டுத் தர்ற கடையா இருக்கணும்.