பதினோரு முறை

சில வருஷங்களுக்கு முன் நடந்தது. வழக்கு முடிந்து அந்தக் குடும்பமும் வேறு ஊருக்குப் போய்விட்டது. அப்படியும் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வியாசர்பாடியா, கொருக்குப்பேட்டையா, காசிமேடா என்று சொல்ல மாட்டேன். பையனா பெண்ணா என்பதையும் கேட்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, பத்திரிகைகள் வெளியிடக்கூடாது என்று குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளியோடு அக்கம்பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் தெருக்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை. என்னிடம் மாலை டியூஷன் படித்தது. நடந்ததை அம்மாவிடம் சொன்னது. அம்மா நம்பினார், அதுவே பெரிய விஷயம். அப்புறம் பாட்டி கேட்டார். எதிர்வீட்டு அக்கா கேட்டார். பள்ளியில் கேட்டார்கள். "நம்மகிட்ட சொல்லும்மா, நான் பாத்துக்குறேன்" என்று ஒரு பகுதிப் பிரமுகர், கட்சிக் கரை வேட்டியோடு வந்து உட்கார்ந்து கேட்டார். நானும் கேட்டேன். டியூஷன் மிஸ் ஆயிற்றே, என்னிடம் மனம் விட்டுப் பேசும் என்ற நினைப்பு. ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பே ஆறு முறை ஆகிவிட்டது. அப்புறம் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, அரசின் குழந்தைகள் நலக் குழு, மாஜிஸ்திரேட், கடைசியில் கோர்ட். மொத்தம் பதினொன்று. நானே உட்கார்ந்து எண்ணினேன்.

என்னிடம் சொன்னபோதே அந்தப் பிள்ளை அதை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னது. ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது பிள்ளைகள் கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்வார்களே, அதே பார்வை. நடுவில் நான் "அப்புறம்?" என்றேன். "மிஸ், நடுவுல பேசாதீங்க, மறந்துடும்" என்றது. அன்றைக்கு நான் கேட்டிருக்கவே கூடாது.

சட்டம் இந்த இடத்தில் நம்மைவிடக் கொஞ்சம் நாகரிகமானது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோ வாங்க வேண்டும், கூடுமானவரை எஸ்.ஐ.க்குக் குறையாத பெண் போலீஸ் அதிகாரி வாங்க வேண்டும், அப்போது யூனிஃபார்ம் கூடாது என்கிறது 24ஆவது பிரிவு. (எங்கள் தெருவுக்கு வந்தது ஜீப். எல்லா மாடியிலும் தலை.) சாட்சி சொல்ல குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்று கோர்ட்டுக்கே கட்டுப்பாடு இருக்கிறது. தெருவுக்குத்தான் எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

உதவி செய்யத்தானே கேட்டோம் என்பீர்கள். நாங்களும் அப்படித்தான் வசூல் ஆரம்பித்தோம். அம்மாவுக்குத் தினக்கூலி வேலை, ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். ஆனால் ஐம்பது ரூபாய் கொடுத்தவர்கள் ஐம்பது கேள்வி கேட்டார்கள். இரண்டே நாளில் வசூலை நிறுத்திவிட்டோம். சாப்பாடு, துணி, போக்குவரத்து மாதிரி அவசரத் தேவைகளுக்கு உடனடி உதவித்தொகை கொடுக்கக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம் என்று 2020இல் வந்த போக்சோ விதிகளில் இருக்கிறது. இடைக்கால இழப்பீட்டைக் கோர்ட்டில் தனியாகக் கேட்கலாம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் தெருவெல்லாம் தட்டு ஏந்தியிருக்க வேண்டாம்.

அதே விதிகளில் ஆதரவு நபர் என்று ஒருவர் வருகிறார். கோர்ட்டில் எல்லோரும் சப்போர்ட் பெர்சன் என்றே சொல்வார்கள். விசாரணை, வழக்கு முடியும்வரை குழந்தையோடும் குடும்பத்தோடும் இருக்க, அவர்கள் சம்மதத்தோடு, நலக் குழு நியமிக்கிற ஆள். எங்களுக்கு அவர் கிடைத்தது தாமதமாகத்தான். ஆனால் அவர் வந்த அன்றே ஒரு வேலை செய்தார். அம்மாவை உட்கார வைத்து, "இனிமே யார் கேட்டாலும் என் நம்பரைக் குடுங்க" என்றார். தெரு மூன்று நாள் முறுக்கிக்கொண்டது. அப்புறம் வாயை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உருப்படியான வேலை கிடைத்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு. வாய்தா தேதி ஒரு பக்கம். அன்றைக்குத் தம்பியை யார் ஸ்கூலில் விடுவது, மதியச் சோறு யார் வீட்டில், விட்டுப்போன பாடம் யார் பொறுப்பு என்று எதிர்ப்பக்கம். பாடம் என் பொறுப்பு. சமாதானமாகப் போகலாம் என்று தொகை பேச வந்தவர்களை அனுப்பிவைப்பது எதிர்வீட்டு அக்கா பொறுப்பு. "புகார் சொல்லாம மறைச்சா ஆறு மாசம் உள்ள போகணுமாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று அப்பாவி மாதிரி கேட்பார். வந்தவர்கள் டீ குடிக்காமலே கிளம்புவார்கள்.

சந்தேகம் வந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அடியுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள். நிரூபித்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை, நிரூபிப்பது நம் வேலையும் இல்லை. உங்களிடமே ஒரு பிள்ளை வந்து சொன்னால் கேளுங்கள், நம்புங்கள், அதற்கு மேல் தோண்டாதீர்கள். துப்பறிவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

பிராட்வே பக்கம், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற போக்சோ கோர்ட்டுக்கு அந்தப் பிள்ளையை ஒவ்வொரு முறையும் கூட்டிப்போனது எங்கள் தெரு ஆட்டோ அண்ணன். காத்திருப்புக்குக் காசு வாங்கவில்லை. வழக்கு முடிந்து ரொம்ப நாள் கழித்து ஒருமுறை அவர் ஆட்டோவில் போகும்போது கேட்டேன், "அது இன்னா கேஸுன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"எனக்கு இன்னாத்துக்கு மிஸ் அது? எட்டரைக்கு வண்டி வாசல்ல நிக்கணும்னு சொன்னாங்க, நின்னேன்."